உதவிப் பக்கங்களைப் பொதி கட்டுவது எப்படி? கேள்வி-பதில்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பொதி (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு, அதாவது பேக்கேஜ்) கட்டப் பழகும் நெல்லைச் சீமை வாசகர்கள் கேட்டவற்றில் நான்கு.

அண்ணாச்சி, புரோகிராம் 3 எம்பி, படங்களோடு உதவிப் பக்கங்கள் 40 எம்பி. ஒரே பொதியில் போடலாமா? (கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

வேண்டாம் தம்பி. உதவியைத் தனிப் பொதியாக்கி, பெயரின் கடைசியில் '-டாக்' சேருங்கள். பொதியின் விவரங்களை எழுதும் கண்ட்ரோல் கோப்பில், ஆர்க்கிடெக்சர் (கணினி வகை) வரியில் 'ஆல்' என்று எழுதினால் எல்லா வகைக் கணினிக்கும் அந்த ஒரு பொதியே போதும். 2023-ல் வந்த டெபியன் 12, 9 வகைக் கணினிகளுக்கு வெளியானது. சேர்த்துக் கட்டினால் அதே 40 எம்பி 9 தடவை டெபியனின் பொதிக் கிட்டங்கியில் கிடக்கும். பாபநாசம் மலையடிவாரத்தில் செல்போன் நெட்டை வைத்து இறக்குகிறவரையும் நினைத்துப் பாருங்கள்.

முதன்மைப் பொதியின் 'சஜஸ்ட்ஸ்' (பரிந்துரை) வரியில் டாக் பொதியைக் குறிப்பிடுங்கள். பொதிகளை இறக்கி நிறுவும் ஆப்ட் அதைத் தானாக இறக்காது. வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்வார். மேன் பக்கத்தை (டெர்மினலில் படிக்கும் கட்டளைக் குறிப்பு) மட்டும் பிரிக்காதீர்கள். அது சில கேபிதான், கட்டளை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

தமிழ் உதவி பிடிஎஃப் என் லேப்டாப்பில் நன்றாக வருகிறது. பொதியைக் கட்டும் பில்ட் சர்வரில் வெறும் கட்டமாக வருகிறதே? (தென்காசி)

இதே சிக்கலில் நான் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை காலிக் கட்டங்கள். இடையில் இருந்த ஆங்கில எழுத்தும் எண்களும் மட்டும் ஒழுங்காக நின்றன. அதைப் பார்த்ததும்தான் எழுத்துரு இல்லை என்று உறைத்தது. உங்கள் லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு முன்பே இருக்கிறது. சர்வரோ துடைத்து வைத்த வீடு மாதிரி. நீங்கள் பட்டியலில் எழுதியதை மட்டுமே நிறுவும். லோகித் தமிழ் எழுத்துருப் பொதியை 'பில்ட்-டிபெண்ட்ஸ்-இண்டெப்' வரியில் (கட்டும்போது வேண்டிய பொதிகளின் பட்டியல்) சேருங்கள். உதவிப் பக்கங்களை ஸ்பிங்க்ஸ் என்ற கருவியில் தயாரிக்கிறீர்கள் என்றால், பிடிஎஃப் ஆக்கும் இன்ஜினை 'ஸீலாடெக்' என மாற்றி, எழுத்துருவின் பெயரையும் கொடுங்கள். அப்புறம் சர்வர் மாதிரியே வெறும் சூழலில் கட்டித் தரும் எஸ்பில்டில் ஒரு தடவை கட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் கருவி) போட்டால் உதவி மெனு எதையும் திறக்கவில்லை. (வள்ளியூர்)

'/யுஎஸ்ஆர்/ஷேர்/டாக்' அடைவில் வைத்திருப்பீர்கள். இடத்தை மிச்சம் பிடிக்கப் பல டாக்கர் இமேஜ்களில் அந்த அடைவையே விட்டுவிடுவார்கள். அங்குள்ள கோப்பை நம்பிப் புரோகிராம் இயங்கக் கூடாது என்பது டெபியன் விதியும்கூட. கோப்புகளை '/யுஎஸ்ஆர்/ஷேர்' அடியில் உங்கள் பொதியின் பெயரில் வைத்து, டாக் அடைவிலிருந்து ஒரு சிம்லிங்க் (அசல் இடத்தைச் சுட்டும் இணைப்பு) கொடுங்கள்.

இரண்டு தடவை கட்டினால் இரண்டு விதமான கோப்பு வருகிறது. (சங்கரன்கோவில்)

பக்கத்தின் அடியில் கட்டிய தேதி அச்சாகிறதா பாருங்கள். எப்போது கட்டினாலும் மாறாத ஒரே தேதியைத் தரும் 'சோர்ஸ் டேட் எபோக்' என்ற சூழல் மாறியிலிருந்து (வேரியபிள்) தேதியை எடுக்கச் செய்தால் சரியாகிவிடும்.