இசைத்தட்டும் செல்போனும் ஒரே ஆம்பில்: வாசகர் கேள்விகள்

கே: புது டர்ன்டேபிளை ஆம்பின் (ஒலியைப் பெருக்கும் கருவி) ஆக்ஸில், அதாவது செல்போன் போன்றவற்றைச் செருகும் சாதாரண சாக்கெட்டில், செருகினேன். வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கிறது. பேஸே (கனமான அடி ஒலி) இல்லை. ஆம்ப் போய்விட்டதா?

ஆம்ப் நன்றாகத்தான் இருக்கும். நடுவில் ஃபோனோ ஸ்டேஜ், அதாவது டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சுற்று, இல்லை, அவ்வளவுதான். ஊசி பொருத்திய சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்; அதில் பரவலான மூவிங் மேக்னெட் வகை தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். ஆக்ஸுக்கு அதைப்போல நூறு மடங்காவது வேண்டும். தவிர, தட்டில் ஒலியை வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளை (கூர்மையான மேல் ஒலி) ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் வரிகள் (ஊசி ஓடும் பள்ளங்கள்) அகன்றுபோய் ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுதான் கொள்ளும். அதைத் திருப்பி நேராக்குவதும் ஃபோனோ ஸ்டேஜின் வேலை.

டர்ன்டேபிளின் பின்னால் ஃபோனோ/லைன் சுவிட்ச் இருந்தால் லைனுக்குத் தள்ளுங்கள். இல்லையென்றால் தனி ஃபோனோ ஸ்டேஜ் பெட்டி வாங்க வேண்டும். ஆம்பிலேயே ஃபோனோ சாக்கெட் இருந்தால் சுவிட்சும் ஃபோனோவில் இருக்கட்டும். லைனில் விட்டு ஃபோனோ சாக்கெட்டில் செருகினால் இரண்டு முறை பெருக்கி, ஒலி உடைந்து கரகரக்கும்.

கே: தட்டு ஓடாதபோதும் 'ம்ம்ம்' என்று உறுமல்.

டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்பின் அல்லது ஃபோனோ பெட்டியின் எர்த் திருகில் மாட்டினீர்களா? பெரும்பாலும் அதுதான். மாட்டியும் போகவில்லையென்றால் கையால் டோன்ஆர்மை (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) நகர்த்திப் பாருங்கள். ஆம்பை நெருங்க நெருங்க உறுமல் கூடினால், கார்ட்ரிட்ஜ் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரின் உறுமலைப் பிடிக்கிறது. இரண்டையும் ஓரிரு அடி விலக்கி வையுங்கள்.

கே: ஊசி தட்டை அழுத்தும் எடையை எப்படி வைப்பது?

ஆன்ட்டி-ஸ்கேட்டை (டோன்ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் குமிழ்) பூஜ்யத்தில் வையுங்கள். ஊசி மூடியைக் கழற்றி, டோன்ஆர்மின் பின்முனையில் உள்ள எடையைத் திருகி, டோன்ஆர்ம் கிடைமட்டமாக மிதக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். எடையை அசைக்காமல், எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்புங்கள். பிறகு எடையோடு சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன கிராமில் நிறுத்துங்கள். ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ என்றால் 2 கிராம். ஆன்ட்டி-ஸ்கேட்டும் அதே எண். குறைவான எடை தட்டைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். வரிக்குள் தத்தளிக்கும் ஊசிதான் சுவரைச் செதுக்குகிறது.

கே: பணம் கொஞ்சம்தான். எதில் போடுவது?

பாதியை ஸ்பீக்கரில். ஆம்ப் பழையதே போதும்; வாங்குமுன் வால்யூம் குமிழைத் திருப்பிக் கரகரப்பு இருக்கிறதா, இரண்டு பக்கமும் சமமாகப் பேசுகிறதா என்று பாருங்கள். எடையைச் சரிசெய்ய வழியில்லாத சூட்கேஸ் பிளேயர் வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் வயருக்குக் காசைக் கொட்டாதீர்கள், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு அறைக்குத் தாராளம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறினால் பேஸ் மெலிந்துவிடும்.

கே: ஸ்ட்ரீமிங்குக்குத் தனிக் கருவி வேண்டுமா?

பழைய செல்போன், ஒரு யுஎஸ்பி டிஏசி டாங்கிள் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் சிறு கருவி), 3.5 மி.மீ. ஹெட்ஃபோன் பிளக்கிலிருந்து இரட்டை ஆர்சிஏ (ஆம்பின் பின்னால் செருகும் சிவப்பு-வெள்ளை பிளக்) கேபிள் போதும். இதற்கு ஆக்ஸ்தான் சரியான இடம். செல்போன் வால்யூமை முழுதாக வைத்து, ஆம்பில் குறையுங்கள். அறிவிப்பு ஒலிகளை அணைக்க மறக்காதீர்கள்.

கே: தாத்தாவின் 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகள் இருக்கின்றன. இதிலேயே ஓடுமா?

முதலில் டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்க வேண்டும். ஊசியும் வேறு: எல்பி (வழக்கமான வினைல் தட்டு) ஊசியின் முனை ஆரம் சுமார் 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78 தட்டுக்கு 3 மில் பக்கம் தேவை. சின்ன ஊசி வரியின் அடியில் உருண்டு வெறும் இரைச்சலைத்தான் எடுக்கும். துடைக்க ஆல்கஹால் கூடவே கூடாது, இந்தத் தட்டுகள் செய்யப்பட்ட அரக்கு கரைந்துவிடும்.