விடாம மழை பெய்யிற மலைநாட்டுல, மூணு புள்ளைங்க இருக்குற வீட்டுல துணி வேலைய எப்படி சமாளிக்கிறீங்க?

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்: கொழும்புல இருந்து மாத்தலாகி நுவரெலியாவுக்கு வந்திருக்கீங்க, ரெண்டு பேருமே வேலைக்குப் போறீங்க, மூணு புள்ளைங்களும் ஸ்கூலுக்குப் போகுதுங்க, துணி குமிஞ்சுகிட்டே இருக்கு, துவைச்சது காயவே மாட்டேங்குது, காஞ்சாலும் ஒரு மக்குன வாடை, பெரிய மெஷினா ஒன்னு வாங்கிட்டா சரியாயிருமா.

ஆகாதுங்க. பெரிய மெஷின் வாங்குனா ஒரே நாள்ல நெறைய ஈரத்துணி வெளிய வரும், அத எங்க போடுவீங்க? இங்க துவைக்கிறது பாதி வேலை கூட இல்ல, காயவைக்கிறதுதான் வேலை. அதனால எங்க வீட்டுல கணக்கு கொடியில இருந்துதான் ஆரம்பிக்கும். இன்னைக்கு கொடில எவ்வளவு எடம் காலியா இருக்கோ அவ்வளவுதான் ஊறப்போடுவோம், அதுக்கு மேல ஒரு துண்டு கூட நனைய விடமாட்டோம். அழுக்குத்துணி காஞ்சு கெடந்தா ரெண்டு நாள் கெடக்கட்டும் ஒன்னும் ஆகாது, நனைஞ்ச துணி கெடந்தாதான் நாறும்.

நாங்க இருக்குறது தலவாக்கலை பக்கம் தேயிலைத் தோட்டத்துல, நான் டீச்சர், அவருக்கு ஹட்டன் டவுன்ல வேலை, மாமி ரொம்ப வருஷம் கொழுந்து எடுத்தவங்க இப்பதான் மலை வேலைய விட்டாங்க, எங்களுக்கும் மூணு புள்ளைங்க. அதனால உங்க கஷ்டம் எனக்கு நல்லாவே தெரியும்.

மொதல்ல உங்க ஊரு வானத்தப் புரிஞ்சுக்கங்க. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், வருஷத்து சராசரி வெப்பமே 16 டிகிரி பக்கம்தான். குளுந்த காத்து ஈரத்த கொஞ்சம்தான் தாங்கும், அதுலயும் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை, மூடுபனி ஜன்னல் வரைக்கும் வந்து நிக்கும், காத்துல ஏற்கனவே ஈரம் முட்டிப்போய் இருக்கும்போது துணில இருக்குற தண்ணி எங்க போகும். அதே ஜூலை மாசம் பண்டாரவளைல எங்க அக்கா வீட்டுல காலைல போட்ட துணி மத்தியானம் மடிக்கலாம், ஏன்னா மழையெல்லாம் மலைக்கு இந்தப்பக்கம் கொட்டி முடிஞ்சு அந்தப்பக்கம் கச்சான் காத்தா வறண்டு எறங்குது. டிசம்பர்ல இருந்து பாத்தா கதை மாறிரும், அக்கா பக்கம் மழை, எங்களுக்கு ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் காலைல பனி கொட்டுனாலும் பகல்ல நல்ல வெயில். கம்பளி, கோர்ட்டன், மெத்த உறை, தடிச்ச ஸ்வெட்டர் எல்லாத்தையும் அந்த மாசங்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருங்க, ஜூன்ல ஒரு கம்பளிய நனைச்சீங்கன்னா ஒரு கிழமைக்கு வீட்டுல அதுதான் குடியிருக்கும்.

தண்ணி விஷயத்துல நமக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. யாழ்ப்பாணத்துல சுண்ணாம்புப் பாறை, அந்த தண்ணில சவுக்காரம் (சோப்பு) சுலபமா நுரைக்காது. இங்க மலைல இருந்து பீலிக்கு (தண்ணி விழுற குழாய்க்கு) வர்ற தண்ணி மென்மையான தண்ணி, கொஞ்சம் பவுடர் போட்டாலே நுரை பொங்கும். பவுடர் பாக்கெட்ல போட்டிருக்குற அளவுல பாதி போட்டுப் பாருங்க, போதும். கூடப் போட்டா அலசி அலசி கை ஓயும், துணில தங்கிப்போன பவுடர்ல அழுக்கும் ஒட்டும் ஈரமும் நிக்கும், சின்னப் புள்ளைங்களுக்கு அரிப்பும் வரும். அந்த நுரைத்தண்ணி எல்லாம் ஓடைல எறங்கி கீழ் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) ஆளுங்க குளிக்கிற எடத்துக்குத்தான் போகுது, அதையும் நெனச்சுப் பாக்கணும்.

இப்ப ஸ்கூல் துணி. வெள்ளை யூனிபோமும் செம்மண் பாதையும், இத விட தலைவலி வேற இல்ல. ஸ்கூல் 1.30க்கு விட்டு வீட்டுக்குள்ள வந்த ஒடனே கழட்டணும், யூனிபோமோட சாப்பிட உக்காரக் கூடாது, இது எங்க வீட்டுல சட்டம். கழட்டுன ஷேர்ட்ட மொத்தமா துவைக்க மாட்டோம், வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாப்போம். கொலர் மட்டும் அழுக்குன்னா கொலர ஈரமாக்கி பார் சவுக்காரத்த மடிப்பு மேல நேரா தேச்சு, ஒரு பழைய டூத் பிரஷ்ஷால மடிப்போட நீளவாக்குல தேய்ப்போம், குறுக்கால தேச்சா நூல் பிரிஞ்சு ஒரு தவணைக்குள்ள கொலர் பஞ்சு பஞ்சா ஆயிரும். அப்புறம் கொலர மட்டும் அலசி, காஞ்ச துவாய்க்குள்ள வச்சு அமுக்கி எடுத்து ஹேங்கர்ல மாட்டுனா காலைக்குள்ள காஞ்சிரும். முழு ஷேர்ட்டும் நனைஞ்சா மழைக்காலத்துல மறுநாளைக்கு அது கெடைக்கவே கெடைக்காது. ஆளுக்கு ரெண்டு செட் மாத்தி மாத்திப் போட இருந்தா பெரிய நிம்மதி. அரசாங்கம் 1993ல இருந்து யூனிபோம் துணி இலவசமா குடுக்குது, ஆனா மழைக்காலத்துக்கு ஒரு செட் பத்தாது, ரெண்டாவது செட்டுக்கு எப்படியாவது காசு ஒதுக்கிருங்க, புது மெஷினுக்கு முன்னாடி இதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன்.

செம்மண் சேறு பட்டா ஈரத்தோட சவுக்காரம் போட்டுத் தேய்க்காதீங்க, மண்ணு நூலுக்குள்ள எறங்கிரும். காய விட்டு உதறி பிரஷ்ஷால தட்டிட்டு துவைங்க, காய நேரமில்லன்னா வெறும் தண்ணிய ஓட விட்டு மண்ணு போனதுக்கு அப்புறம் சவுக்காரம். அட்டை கடிச்ச ரத்தம் இன்னொன்னு, புள்ளைங்க தேயிலைக்குள்ள குறுக்குப் பாதைல வர்றதால சொக்ஸ்ல அடிக்கடி இருக்கும், ரத்தம் உறையாம இருக்க அட்டை ஒரு பொருள விட்டுட்டுப் போறதால சின்னக் கடிக்கே சொக்ஸ் முழுக்க ஊறிப்போகும். அதுக்கு பச்சத்தண்ணி மட்டும்தான். சுடுதண்ணி பட்டா ரத்தக்கறை வெந்து துணியோடயே புடிச்சுக்கும். பச்சத்தண்ணில உப்புப் போட்டு ஊறவச்சு கசக்குனா பெரும்பாலும் போயிரும், அதுக்கப்புறம் வழக்கம்போல துவைங்க. வெள்ளைத் துணிக்கு குளோரின் (ப்ளீச்) போடுறவங்களுக்கு ஒன்னு சொல்லணும், அத வினிகரோடயோ டொய்லட் கழுவுற அசிட்டோடயோ எப்பவும் சேத்துறாதீங்க, வர்ற வாயு நெஞ்ச அடைச்சிரும், கதவ மூடிக்கிட்டு நிக்கிற பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து.

கொழுந்துக் கறை உங்களுக்கு வராது, ஆனா சாயம் (பால் இல்லாத தேத்தண்ணி) சிந்துன கறை வரும், ரெண்டும் ஒரே ஜாதிதான். காயறதுக்குள்ள தண்ணி ஊத்திட்டு தேசிக்காய்ச் சாறு தேச்சு கொஞ்ச நேரம் வச்சு பவுடர்ல துவைங்க. துருப்புடிச்ச வாளில மட்டும் ஊறவைக்காதீங்க, தேயிலைச் சாறும் இரும்பும் சேந்தா கருப்பாப் புடிச்சிரும், மாமி மலைக்குப் போன காலத்துல அவங்க துணியெல்லாம் ப்ளாஸ்டிக் வாளிலதான் போடுவாங்க.

காயவைக்கிறதுக்கு வர்றேன், இதுல கொஞ்சம் நேரம் செலவழிங்க. பிழியறதுதான் பாதி. கையால எவ்வளவு முறுக்குனாலும் ஸ்பின் பண்ற அளவுக்கு வராது, அதனால மெஷின் வாங்குறதா இருந்தா ஸ்பின்ன பாத்து வாங்குங்க. செமி ஆட்டோ ரெட்டைத் தொட்டி மெஷின்ல ஸ்பின் தொட்டி சின்னது, ஆனா வேகம் அதிகம், பெரும்பாலும் நிமிசத்துக்கு 1,300 சுத்து கிட்ட சுத்தும், மேல மூடி வச்ச ஃபுல் ஆட்டோ பலதும் 700 சுத்தோட நிக்கும். அதோட ரெட்டைத் தொட்டிக்கு வாளியால தண்ணி ஊத்திக்கலாம், பைப்புல அழுத்தம் இல்லாத எங்க மாதிரி தோட்டத்து வீட்டுக்கு அதுதான் சரி. பழைய வீட்டு வயரிங்ல எர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் ஒழுங்கா இருக்கான்னு எலக்ட்ரீசியன வச்சுப் பாக்காம மெஷின மாட்டாதீங்க, ஈரத்தரைல நின்னுக்கிட்டு தொடுற சாமான் அது.

பிழிஞ்சதும் ஒவ்வொரு துணியையும் உதறி, ரெண்டு துணிக்கு நடுவுல ஒரு கை போற அளவுக்கு எடம் விட்டுப் போடுங்க. களுசான (கால்சட்டைய) உள்பக்கம் வெளிய திருப்பி பொக்கெட்ட வெளிய இழுத்து விடுங்க, இடுப்புப் பட்டியும் பொக்கெட்டும்தான் கடைசியா காயும், மத்தெல்லாம் காஞ்சாலும் அந்த ரெண்டு எடத்துல இருந்துதான் வாடை கெளம்பும். சப்பாத்துக்குள்ள பேப்பர உருட்டித் திணிச்சு, நனைஞ்சதும் மாத்தி மாத்தி வைங்க.

மழை நாள்ல வீட்டுக்குள்ள ஒரே ஒரு எடத்த ஒதுக்குங்க, எங்களுக்கு இஸ்தோப்பு (வெராண்டா). புள்ளைங்க படுக்குற காம்பரால (ரூம்ல) மட்டும் வேணாம். ஈரமெல்லாம் சுவத்துல எறங்கி பூஞ்சணம் புடிக்கும், வீசிங் இருக்குற புள்ளைக்கு அது ரொம்பக் கெடுதல், ஏற்கனவே நம்ம பக்கம் புள்ளைங்களுக்கு சளியும் இருமலும் சொல்லவே வேணாம். ஒதுக்குன எடத்துல ஜன்னல கொஞ்சம் தொறந்து வச்சு ஒரு ஃபேன துணிய பாத்து ஓட விடுங்க. கரண்ட் பில் பயம் இருக்கும், கணக்குப் பாருங்க: 70 வாட் ஃபேன் 14 மணித்தியாலம் ஓடுனாத்தான் ஒரு யூனிட், 1,000 வாட் அயன்பெட்டி விடாம கரண்ட் இழுத்தா ஒரு மணித்தியாலத்துலயே ஒரு யூனிட். ஈரத்துணிய அயன் பண்ணி காயவைக்கிறது எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் நடக்குது, அதுதான் பில்ல 60 யூனிட்டுக்கு மேல தள்ளிவிடுது, அதத் தாண்டுனா ரேட்டே மாறிரும். ராத்திரி முழுக்க ஃபேன், காலைல லேசா ஒரு அயன், இவ்வளவுதான்.

அடுப்புக்கு மேல கம்பி கட்டிக் காயவைக்கிறது எங்க வழக்கம், மிலாறு (வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி) எரிச்ச சூட்டுல சீக்கிரம் காயும்தான். ஆனா நான் அத எங்க வீட்டுல நிப்பாட்டிட்டேன். புகை வாடை ஒரு பக்கம், லயத்துல தீப்பிடிச்சு ஒரு வரிசையே எரிஞ்சு குடும்பங்க நடுத்தெருவுல நிக்கிற செய்தி திரும்பத் திரும்ப வந்துகிட்டேதானே இருக்கு. ஒரு சொக்ஸ் நழுவி விழுந்தா போதும். உங்க வீட்டுல கேஸ் குக்கர் மேலயும் தொங்கவிடாதீங்க.

வாடை ஏற்கனவே புடிச்ச துணிக்கு வாசனைத் தண்ணி (ஃபேப்ரிக் சொஃப்னர்) ஊத்தி பிரயோசனம் இல்ல, ஈரத்துல பெருகுன கிருமிதான் அந்த வாடை, துணி தாங்கும்னா பவுடர் கலந்த நல்ல சுடுதண்ணில ஊறவச்சு மறுபடி துவைச்சு சீக்கிரமா காயவைக்கணும். துவாய்க்கு அந்த வாசனைத் தண்ணி போடவே வேணாம், போடப்போட தண்ணி உறிஞ்சுறது குறைஞ்சிரும்.

கடைசியா யாரு செய்யிறதுன்னு ஒரு விஷயம், நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட மனசில்ல. மாமி நாள் முழுக்க மலைல நின்னுட்டு வந்து, இருட்டுறதுக்குள்ள பீலில குந்தி எல்லாருக்கும் துவைச்சவங்க, இப்ப அவங்க கைவிரல் மடங்கவே கஷ்டப்படுது. எங்க தோட்டத்துல எத்தனையோ பொம்பளைங்க கை அப்படித்தான் இருக்கு. அதனால எங்க வீட்டுல பெரியவன் குளிக்கும்போதே அவன் சொக்ஸையும் உள்ளாடையையும் துவைச்சுட்டுத்தான் வெளிய வருவான், நடுவுலவ மடிப்பா, சின்னவ சொக்ஸ் ஜோடி சேப்பா, ராத்திரி ஸ்பின் போட்டு கொடில போடுறது அவரோட வேலை. பொம்பளப் புள்ளைக்கு மட்டும் பழக்கிவிடுறது எனக்கு சுத்தமா சம்மதம் இல்ல. மடிக்க எல்லாம் நேரமில்லன்னா ஆளுக்கொரு கூடை வச்சு அதுல போட்டுருங்க, யூனிபோம் மட்டும் ஹேங்கர்ல இருந்தா போதும்.

உங்க வீட்டு பைப்புல தண்ணி எப்படி வருது, டாங்கி மேல இருக்கா, மூடுன இஸ்தோப்பு இருக்கான்னு கமெண்ட்ல சொல்லுங்க, அதப் பாத்து எந்த மாதிரி மெஷின் சரியா வரும்னு சொல்றேன்.