மடை அடைக்க ஆள் வேண்டும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நோபல் பரிசு பெற்ற ஜப்பான் விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்களுக்கு முக்கூடல். அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் மடக்க முடியவில்லை. முடக்குவாதம் என்று சொல்லி, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அத்தையோ, "சக்தி இல்லாமத்தான நோய் வருது, அதையும் கொறைக்கச் சொல்லுதாங்களே" என்கிறாள். அம்மா இரண்டு வாரமாக மாத்திரையைத் தொடவில்லை. கஷாயம் குடித்து சக்தியைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

முக்கூடல் வாசகர்

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவை அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். மீதியை அப்புறம் வாசிக்கலாம்.

அத்தை கேட்டதில் தப்பில்லை. எதிர்ப்பு சக்தி கூடக் கூட நல்லது என்றுதான் நாம் எல்லோருமே நினைத்து வைத்திருக்கிறோம். காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறது. அதுதான் அழற்சி. ரத்தக் குழாய் விரிந்து, வெள்ளை அணுக்கள் அங்கே இறங்கி வேலை பார்க்கின்றன. அது இல்லாமல் புண் ஆறாது. ஆனால் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வயலில் பாய்ந்த பிறகு, மடையை அடைக்க ஆள் வராவிட்டால் என்ன ஆகும்? நெல்லை வளர்த்த தண்ணீரே நெல்லை அழுக வைக்கும். அம்மாவின் மூட்டுக்குள் நடப்பது அதுதான். அடங்காத அழற்சி மூட்டின் உள்சவ்வைத் தடிக்க வைத்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அதை அடக்கத்தான் அந்த மாத்திரை.

சகாகுச்சி தேடியது அந்த மடை அடைக்கும் ஆளைத்தான். வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல்கள். அவை பக்குவப்படும் இடம், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி. பிறந்து மூன்று நாளான எலிக்குட்டிக்கு அதை எடுத்துவிட்டால் சக்தி குறைந்து போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. எதிர்ப்பு சக்தி வெறி பிடித்தாற்போல் எலியின் சொந்த உறுப்புகளையே தாக்கியது. நல்ல எலியின் டி செல்களை அவர் அதற்குச் செலுத்தினார், நோய் வரவில்லை. அப்படியானால் டி செல்களுக்குள்ளேயே அடக்கிவைக்கும் ஒரு கூட்டம் இருக்க வேண்டும். அப்படி ஒன்று உண்டு என்பதையே அப்போது பெரும்பாலான ஆய்வாளர்கள் கைவிட்டிருந்தார்கள். இவர் விடவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் தேடி, 1995இல் அந்தச் செல்களை அடையாளம் காட்டினார். 2001இல் அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் நோயுற்ற எலிகளில் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் செல்களை உருவாக்குவது அந்த மரபணுதான் என்பது இரண்டு வருஷத்தில் தெரிந்தது. 2025இல் மூவருக்கும் சேர்த்து நோபல்.

எங்கள் சேரன்மகாதேவிப் பெரியம்மாவுக்கும் இதே நோய்தான். நாலு வருஷம் ஒரு கிளினிக்கில் வலி ஊசி மட்டும் போட்டு, "வயசானா வரத்தானம்மா செய்யும்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். நோய் இன்னதென்று தெரிவதற்குள் விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. செம்பை விரலால் பிடிக்க முடியாமல், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து அவள் தண்ணீர் குடித்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பீடி சுற்றுவதால் வரும் கைவலி சாயங்காலம் கூடும், தூங்கி எழுந்தால் குறையும். இந்த நோய் நேர்மாறு. விடியும்போதுதான் விரல் மரக்கட்டையாக இருக்கும், இளக ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். இதைச் சுளகு மடியில் வைத்திருக்கிற ஒவ்வொரு அக்காவுக்கும் சொல்லுங்கள்.

கஷாயம் வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் என்னென்ன குடிக்கிறாள் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். இந்த மாத்திரைகள் சில ஈரலைத் தொடும், அதற்காகத்தான் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இன்னொன்று. அட்டையில் மெத்தோட்ரெக்சேட் என்று இருந்தால், முடக்குவாதத்துக்கு அது வாரத்தில் ஒரே ஒரு நாள் போடுவது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு, அம்மா பீடிக் கணக்கு எழுதும் நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.