என்னைக் கேட்கவே இல்லையாம்!

மதிப்புக்குரிய மேடத்துக்கு,

என் மகனுக்கு 34 வயது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு. அவன் அப்பா தவறிய பிறகு எல்லாம் நான்தான். குளிப்பாட்டுவதிலிருந்து சாதம் பிசைந்து கொடுப்பது வரை என் கைதான். சொந்தக்காரர்கள் பத்திரிகை வைக்கும்போதே, ‘அவனை யார்கிட்டயாவது விட்டுட்டு வாங்க’ என்கிறார்கள். நாத்தனார் போன் பண்ணும்போதெல்லாம் ‘ஹோமில் சேர்த்துடுங்க’ என்கிறாள். பெற்ற மனசு கேட்குமா? திருச்சியில் இருக்கும் மகள் தீபாவளிக்கு வந்தாலும் மறுநாளே கிளம்பிவிடுகிறாள். தம்பி மேல் பாசமே கிடையாது. எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது மட்டும் அவனைக் கூட்டிப்போய் வைத்திருந்தாள். அங்கே அவனே குளித்தானாம், தோசை திருப்பிப் போட்டானாம், என்னைக் கேட்கவே இல்லையாம். அது கிடக்கட்டும். கல்யாணத்துக்கு என் மகன் வரக்கூடாது என்று சொல்ல இவர்கள் யார்? ராத்திரி தூக்கமே இல்லை. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

- ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள அம்மா,

மகனை வேண்டாம் என்றவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்களும் போகவேண்டாம். அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அவர்கள் இல்லை. ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப்போனீர்களே, அந்த இடம்தான்.

தனக்குப் பிறகு பிள்ளை என்ன ஆவான் என்ற பயத்தை எல்லாத் தாயும் சொல்லிவிடுவார்கள். நான் இல்லாமலும் இருந்துவிடுவானோ என்ற வலியை யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்களைக் கேட்காததால் மறந்துவிட்டார் என்று ஆகாது. அக்கா வீட்டில் அவருக்குப் பயமில்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். 34 வயது ஆணை இன்னும் நீங்கள் குளிப்பாட்டுகிறீர்கள். பாசம்தான், ஆனால் அவரால் முடிந்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டது அந்தப் பாசம். பாசமில்லாதவள் என்கிறீர்களே, அந்த மகள்தான் சுட்டுக்கொள்வானோ என்று பதறாமல் தோசைத்திருப்பியைத் தம்பி கையில் கொடுத்தவர். எல்லாவற்றையும் நீங்களே செய்யும் வீட்டில் அவருக்குச் செய்ய என்ன இருக்கிறது? என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

நாளைக்குச் சொம்பையும் சோப்பையும் மகனிடம் கொடுத்துவிட்டு வெளியே நில்லுங்கள். முதுகில் நுரை நின்றாலும் பரவாயில்லை.

இன்னொன்று. 18 வயது தாண்டியவருக்குப் பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான குழு நியமிக்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். உங்களுக்குப் பின் யார் என்பதை மகளிடம் இப்போதே பேசுங்கள். பேசும்போது மகனும் பக்கத்தில் இருக்கட்டும். யார் வீட்டில் இருக்கப் பிடிக்கும் என்று அவரையும் கேளுங்கள்.