ரெஸ்ட் ஏபிஐ: எதை அடைப்பது, எதை விடுவது?

தஞ்சாவூரில் வேர்ட்பிரஸ் தளங்கள் செய்து கொடுக்கிறேன். ரெஸ்ட் ஏபிஐ என்பது ஒரு தளத்தின் தகவலை மற்ற நிரல்கள் இணைய முகவரி வழியாகக் கேட்டு வாங்கவும் அனுப்பவும் இருக்கும் வாசல். ஒரு ப்ளக்இன் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) போட்ட பூட்டில் இன்னொன்று மாட்டிக்கொள்கிற கதையாகவே இந்த வாரக் கேள்விகள் வந்திருக்கின்றன.

கும்பகோணம்: அண்ணே, நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடைக்குத் தளம் செஞ்சேன். பாதுகாப்புக்காக ரெஸ்ட் ஏபிஐயை மூடுற ப்ளக்இன் போட்டதிலிருந்து கான்டாக்ட் ஃபார்ம் 7 ப்ளக்இனோட விசாரணைப் படிவம் அனுப்ப மாட்டேங்குது. அது கெட்டுப்போச்சா?

அது கெடவில்லை தம்பி. அந்தப் படிவம் ரெஸ்ட் வழியாகத்தான் போகும். லாகின் செய்யாதவர்களை உங்கள் பூட்டு 401, அதாவது 'நீங்கள் யாரென்று தெரியவில்லை' என்று சொல்லித் திருப்புகிறது. விளக்கு விலை கேட்பவர் லாகின் செய்தா வருவார்? பிரவுசரில் எஃப்12 தட்டி, நெட்வொர்க் பகுதியில் சிவப்பாக நிற்கும் முகவரியைப் பாருங்கள். அந்த வழியை மட்டும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். பதிவு எழுதியவர்களின் பெயரை யாருக்கும் காட்டும் யூசர்ஸ் வழி மூடியே இருக்கட்டும்.

மன்னார்குடி: அண்ணா, பாரம்பரிய நெல் விதை விற்கும் தளம். இருப்புக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று என இரண்டு ப்ளக்இன் நானே எழுதினேன். ஒரே தளத்தில் இருந்தும் ஆர்டர் இருப்பைக் கேட்டால் 401 வருகிறது.

டபிள்யூபி ரிமோட் கெட் என்ற, இணைய முகவரி வழியாகக் கேட்கும் ஃபங்ஷனைப் போட்டிருப்பீர்கள் அம்மா. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வர, தெருவில் இறங்கி வாசற்கதவைத் தட்டுவது போல அது. லாகின் அடையாளமான குக்கி இல்லாததால் உங்கள் தளமே உங்களை அந்நியராகப் பார்க்கிறது. அதற்குப் பதில் ரெஸ்ட் டூ ரிக்வெஸ்ட் என்ற ஃபங்ஷனைப் போடுங்கள். அது உள்ளுக்குள்ளேயே ஓடுவதால் வாசல் பூட்டு குறுக்கே வராது. ஆனால் அந்த வழிக்கு எழுதிய பர்மிஷன் கால்பேக் (கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் ஃபங்ஷன்) அப்போதும் ஓடும். நேரம் வைத்துத் தானாக ஓடும் கிரான் வேலையில் லாகின் செய்த ஆளே இல்லை, அங்கே அனுமதி கிடைக்காது. அதனால் இருப்பு ப்ளக்இனில் ஒரு பிஎச்பி ஃபங்ஷன் எழுதி நேரே கூப்பிடுவதே நல்லது.

கால்பேக்கில் 'ரிட்டர்ன் ட்ரூ' (யார் கேட்டாலும் சரி) போட்டுத் தப்பிக்க மட்டும் வேண்டாம். ஒருமுறை அவசரத்தில் நான் அப்படிச் செய்து, ஒரு வாடிக்கையாளரின் கொள்முதல் விலை எல்லாம் வெளியே தெரிந்தது. அவரிடம் போய் நின்ற அந்தக் காலைப்பொழுதை இன்னும் மறக்க முடியவில்லை.

நாகப்பட்டினம்: வெளியில் இருக்கும் பில்லிங் மென்பொருளுக்கு எப்படி சார் அனுமதி கொடுப்பது?

2020-இல் வேர்ட்பிரஸ் 5.6 பதிப்போடு வந்த அப்ளிகேஷன் பாஸ்வேர்ட் (வெளி மென்பொருளுக்கென ஒரு பயனர் பெயரில் எடுக்கும் தனிக் கடவுச்சொல்) போதும். அந்தப் பயனருக்கு உள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் கிடைக்கும் என்பதால், அட்மின் பெயரில் எடுக்காதீர்கள். குறைந்த அதிகாரமுள்ள தனிப் பயனர் வையுங்கள்.

திருவாரூர்: என் பக்கத்திலிருந்து போற ரெஸ்ட் கோரிக்கை நேத்து ஓடுச்சு, இன்னைக்கு 403 (அனுமதி மறுப்பு).

பக்கத்தை கேஷ் செய்திருப்பீர்கள், அதாவது பழைய நகலையே காட்டுகிறீர்கள். அதில் பழைய நான்ஸ் (கோரிக்கை உங்கள் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று காட்டும் தற்காலிகச் சீட்டு) இருக்கும். நான்ஸ் அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும். லாகின் தேவைப்படாத வழி என்றால் நான்ஸ் அனுப்பவே வேண்டாம்.