சுங்குடியும் கூட்டுக்கணக்கும்

வணக்கம் சார்,

நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் சுங்குடிச் சேலை விற்றோம். நகையை அடகு வைத்து முதல் போட்டது நான். சரக்கு எடுத்ததும் நான்தான். லைவ் போட்டது, மெசேஜுக்குப் பதில் சொன்னது, பார்சல் கட்டியது எல்லாம் அவள். முதல் தீபாவளிக்குக் கட்டி மாளவில்லை. அடுத்த ஆடிக்குள் எங்களுக்குள் பேச்சே நின்றுவிட்டது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இப்போது அதே பெயரில் தனியாக விற்கிறாள். பத்திரம் எதுவும் எழுதவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அவள் செய்ததை ஊரறிய எழுதிவிடலாமா என்று இருக்கிறது. மீதிச் சேலைகள் வீட்டில் கிடக்கின்றன. சேலைகளில் சுங்குடி முடிச்சுப் போட்ட பெண்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் நிற்கிறது.

ஆர்., பழங்காநத்தம்

அன்புள்ள ஆர்.,

கடைசி வரியில் வைத்திருக்கும் விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். முடிச்சுப் போட்டவர்களின் பாக்கி. கூட்டு முறிந்தால் பணம் எந்த வரிசையில் போக வேண்டும் என்று 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. முதலில் வெளியாருக்குத் தர வேண்டிய கடன். அடுத்து, கூட்டாளி முதலுக்கு மேல் கைமாற்றாகக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் போட்ட முதல். மிச்சமிருந்தால் லாபப் பங்கு. ஆக, உங்கள் நகைக்கும் முன்னால் நிற்பது அந்தப் பெண்களின் கூலி. பாதிதான் என் பங்கு என்று நீங்கள் சொல்லவும் முடியாது. கூட்டின் கடனுக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. அவர்கள் உங்களிடமே முழுத்தொகையையும் கேட்கலாம். கொடுத்துவிட்டு, தோழியின் பங்கை நீங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம்.

மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரிமையாக்கும் பதிவு, கிடைத்தது 2005இல். அந்தப் பெயருக்கு உரிமை தருவது கையால் போடும் முடிச்சு. நகநுனியில் துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்த புள்ளிக்குப் போவார்கள். ஒரு சேலைக்கு நாள்கணக்கில் ஆகும். சாயத்தில் முக்கிக் காயவைத்து முடிச்சைப் பிரித்தால் நூல் இருந்த இடம் சாயம் ஏறாமல் வளையமாக நிற்கும், தடவினால் விரலில் தட்டுப்படும். அச்சில் போட்ட புள்ளியில் இது வராது. உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விற்றது இந்த வேலைதான். அதைச் செய்தவருக்கு இன்ஸ்டாகிராமும் தெரியாது, உங்கள் சண்டையும் தெரியாது. துணி கொண்டுவந்து கொடுத்த உங்கள் முகம்தான் தெரியும்.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். உங்களிடம் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். கூட்டு என்பதற்கு எழுத்து கட்டாயமில்லை. லாபத்தைப் பகிர்வதாக வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்டு சேர்ந்து வியாபாரம் செய்தாலே கூட்டுதான். வேறு பேச்சு இல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சரிபாதி. பதிவு செய்யாத கூட்டில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதற்குத் தடை உண்டு. ஆனால் கூட்டைக் கலைக்கவும், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்கவும் அந்தத் தடை கிடையாது. உங்களுக்குத் தேவை அதுதானே?

ஜவுளிக்கடைக் கணக்கெழுத்தில் பல வருடம் இருந்தவன் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கே பிசகியது என்று ஒன்று தோன்றியது. நீங்கள் முதலைச் சொல்கிறீர்கள். தோழியைக் கேட்டால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "அக்கா, இந்தச் சேலை இருக்கா" என்று வந்த மெசேஜுக்குப் பதில் போட்டதைச் சொல்வார். முன்கூட்டிப் பேசாவிட்டால் சட்டம் இரண்டையுமே தனியாக எண்ணுவதில்லை. முதலுக்கு வட்டி இல்லை, உழைப்புக்குச் சம்பளமும் இல்லை. ஆரம்பத்திலேயே பேசி ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டியது இது. தீபாவளி வேகத்தில் யாருக்கும் அதற்கு நேரம் இருந்திருக்காது. பணம் பெரும்பாலும் ஒருவருடைய ஜிபேயில் விழுந்திருக்கும். பால்காரருக்கும் மளிகைக்கும் போகிற அதே கணக்கு. வியாபாரக் காசு எது, வீட்டுக் காசு எது என்று ஒரு மாதத்துக்குப் பிறகு அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ரிட்டர்ன். காசு கையில் வாங்கிக்கொண்டு கொடுக்கும் பார்சலை வாசலிலேயே வேண்டாம் என்று திருப்பிவிடுவார்கள். போக ஒரு கூரியர் கூலி, வர ஒரு கூலி. போனில் அரக்காகத் தெரிந்தது கையில் மெரூனாக இருக்கிறது என்று சண்டை. முதல் அலசலில் சாயம் விட்டது என்று இன்னொரு சண்டை. சீசன் ஓடும்வரை இதையெல்லாம் லாபம் மூடிக்கொள்ளும். சீசன் இறங்கியதும் கசங்கித் திரும்பிய சேலைகள் உங்கள் பீரோவில், வாடிக்கையாளர்கள் அவர் போனில். எல்லாம் அவளிடம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சரக்கு முழுவதும் உங்களிடம் என்று அவர் நினைக்கிறார். இரண்டும் உண்மை என்பதால்தான் கணக்குப் பார்க்கச் சொல்கிறேன்.

வியாபாரத்தில் சேர்ந்த நற்பெயரும் கூட்டின் சொத்துதான். அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் அதில்தான் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இருவர் சேர்ந்து வளர்த்த பெயர் அது, ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டதால் அவருக்கே உரியதாகிவிடாது. கூட்டு கலைந்தபின் கணக்கு முழுதாகத் தீரும்வரை, அதே பெயரில் அதே வியாபாரத்தை ஒருவர் நடத்துவதைத் தடுக்கக் கோரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஊரறிய எழுதலாமா என்று கேட்டீர்கள். எழுதத்தான் வேண்டும், ஆனால் அவரைப் பற்றி அல்ல. முதலில் தோழிக்குத் தேதி போட்டு, கூட்டைக் கலைக்கிறேன் என்று ஒரு கடிதம், விரைவுத் தபாலில். கால வரம்பு பேசாத கூட்டை இப்படி எழுத்தில் சொல்லிக் கலைக்கலாம். கணக்குக் கேட்டு வழக்குப் போட, கலைந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். அடுத்து, கூட்டு முடிந்தது என்ற அறிவிப்பு அரசிதழிலும் உள்ளூரில் போகிற ஒரு தமிழ் நாளிதழிலும் வர வேண்டும். அது வராதவரை, அந்தப் பெயரில் அவர் இழுத்துவைக்கும் கடன் உங்கள் தலையிலும் விழலாம். அவரைத் திட்டி நீங்கள் எழுதினால் உங்களுக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு எதுவும் கூடப்போவதில்லை. சேலை வாங்கிய பெண்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து பேசுவார்கள், சுங்குடி என்றாலே தகராறு என்று ஆகும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. வழக்குக்குப் போகும் முன்பே இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசவும் செய்வார்கள். போகும்போது சரக்கு எடுத்த பில், அடகுச் சீட்டு, கூரியர் ரசீதுகள், வங்கி ஸ்டேட்மெண்ட், மீதிச் சேலைகளின் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முடிச்சுப் போட்டவர்கள் யார் யாருக்கு எவ்வளவு என்பதைத் தனித்தாளில் எழுதி மேலே வையுங்கள். அந்தத் தாளை மட்டும் இந்த வாரமே தீர்த்துவிட முடிந்தால் மிகவும் நல்லது.

அன்புடன்