ஊர் சுற்ற மாதம் 250 யூரோ: கல்விக் கடனில் படிப்பவருக்கு இது கட்டுப்படியாகுமா?

கேள்வி: ஈரோட்டிலிருந்து வந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எம்.எஸ்ஸி. இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். கல்விக் கடன் 14 லட்சம், வட்டி 10.5%. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) மாதம் 992 யூரோ வருகிறது. வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, போன் எல்லாம் போக 220 மிஞ்சும். ஆனால் சனி, ஞாயிறு பயணத்துக்கே 250 ஆகிவிடுகிறது. தோழிகளோடு ப்ராக், பெர்லின் என்று போய்விட்டு ஞாயிறு நள்ளிரவு திரும்புவதால், திங்கள் காலை 7.30 வகுப்புக்குப் பெரும்பாலும் போவதில்லை. போன செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது. பகுதி நேர வேலையில் மணி நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாமா, பயணத்தையே நிறுத்திவிடவா? டிசம்பரில் லண்டன் போகவும் ஆசை. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, இப்போதே எடுக்கலாமா?
– வாசகி, டிரெஸ்டன்

பதில்: மாதம் 30 யூரோ துண்டு விழுகிறது என்பதைப் பெரிய சிக்கலாக நினைக்கிறீர்கள். அது சின்ன விஷயம். போன அந்த ஒரு பேப்பர்தான் எனக்குக் கவலை.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். ஆறு மாதம் கூடுதலாக அங்கே தங்க, மாதம் 992 வீதம் 5,952 யூரோ வேண்டும். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஆறு லட்சம். குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கும்போது இந்தப் பணத்துக்கு வழி இருப்பதாகக் காட்டவும் வேண்டும். வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் ஆறு மாதச் சம்பளம் தனி. ப்ராக் பஸ் டிக்கெட்டில் ஐந்து யூரோ மிச்சம் பிடிக்கும் கெட்டிக்காரத்தனமெல்லாம் இதன் முன்னால் நிற்காது.

அதனால்தான் கூடுதல் மணி நேரம் வேலை வேண்டாம் என்கிறேன். 2026 ஜனவரி முதல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. 140 யூரோ செலவாகும் ஒரு பயணத்துக்குப் பத்து மணி நேர உழைப்பு. பயணத்தில் இரண்டு நாள் போகிறது, அதற்குச் சம்பாதிக்க இன்னும் பத்து மணி நேரம் போகிறது. இரண்டும் படிப்பு நேரத்திலிருந்துதான் வர வேண்டும். செமஸ்டர் விடுமுறையில் வேண்டுமானால் கூடுதலாக வேலை பாருங்கள். அப்போதும் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பைக் கவனியுங்கள்.

கடன் பக்கமும் பார்த்துவிடுவோம். மாதம் 250 வீதம் பத்து மாதத்துக்கு 2,500 யூரோ, அதாவது இரண்டரை லட்சம். அதை மிச்சம் பிடித்தால் இரண்டாம் வருடத்துக்கு அந்த அளவு குறைவாகக் கடன் வாங்கினால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம் என்றாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருடம் கழித்து, தவணை தொடங்கும்போது அந்த இரண்டரை லட்சம் மூன்று லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

சரி, பயணத்தை நிறுத்திவிடலாமா? வேண்டாம். நிறுத்துகிறேன் என்று சொல்பவர்கள் இரண்டு மாதம் அறையிலேயே கிடந்துவிட்டு, மூன்றாம் மாதம் கடன் அட்டையோடு பாரிஸுக்குக் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். மாதக் கணக்கை விட்டுவிட்டு செமஸ்டர் கணக்குக்கு மாறுங்கள். ஒன்றாம் தேதி 992 வந்தவுடன் 100 யூரோ தானாக வேறொரு கணக்குக்குப் போகட்டும். அதில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் பயணம். மீதி 120-ஐத் தொடாதீர்கள், செமஸ்டர் கட்டணமும் (கல்விக் கட்டணம் அல்ல, ஒவ்வொரு செமஸ்டருக்கும் பல்கலைக்கழகத்தில் கட்டுவது) குளிர்காலக் கோட்டும் அதிலிருந்துதான். தூரப் பயணங்களைக் கோடை செமஸ்டரில் ஏப்ரல், மே மாதங்களிலும் தேர்வு முடிந்த பிறகும் வையுங்கள். தேர்வுக்கு முந்தைய ஆறு வாரம் எங்கும் இரவு தங்க வேண்டாம்.

நடுவில் ஊர் சுற்றத் தோன்றினால், செமஸ்டர் கட்டணத்தோடு வரும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பஸ்களில் செல்லும் பாஸ்) கையில் இருக்கிறதே! எஸ்-பான் ரயிலில் முக்கால் மணி நேரத்தில் எல்பே ஆற்றோர மலைகள் வந்துவிடும். மைசன், லைப்சிக், கோர்லிட்ஸ் எல்லாம் போய்விட்டு அன்றிரவே உங்கள் கட்டிலில் படுக்கலாம். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் செலவு ஒரு காபியோடு சரி. ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் மட்டும் அந்த டிக்கெட்டோடு ஏறிவிடாதீர்கள், செல்லாது.

கணக்கில் வராத ஓட்டை ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை நீங்கள் ப்ராகில் இருந்தால் மளிகை வாங்க ஆளில்லை. ஞாயிறு இரவு ஃப்ரிட்ஜில் பாதி வெங்காயம், திங்கள், செவ்வாய் வெளிச் சாப்பாடு. அப்புறம் சாப்பாட்டுச் செலவு ஏன் ஏறியது என்று தேடுவீர்கள். வெளியூர் போகும் வாரங்களில் வெள்ளிக்கிழமைக்கு முன்பே மளிகையை முடித்துவிடுங்கள். திரும்பும் பஸ்ஸையும் ஞாயிறு மதியத்துக்கு மாற்றுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் தரைவழி எல்லைகள் எல்லாவற்றிலும் மறுபடி சோதனை நடத்துகிறது. இரவு பஸ் அங்கே நின்றால் திங்கள் வகுப்பு போச்சு. பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் அசலாகவே கையில் இருக்கட்டும்.

ப்ராகில் ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது யூரோவிலா, செக் நாட்டுப் பணமான கொருனாவிலா என்று திரை கேட்கும். கொருனாவையே அழுத்துங்கள். யூரோவை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரக்காரர் வைப்பார், அது அநேகமாக உங்களுக்கு நஷ்டமாகத்தான் இருக்கும். இந்திய வங்கி அட்டையை அங்கே தேய்க்கவே வேண்டாம், அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள்.

லண்டனுக்கு வருகிறேன். ஒரே விசாவில் சுற்ற முடிகிற ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டில் பிரிட்டன் இல்லை. உங்கள் ஜெர்மன் அனுமதி அங்கே செல்லாது, இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும். விசாக் கட்டணமே அந்த மலிவு டிக்கெட்டைவிட அதிகமாக இருக்கலாம், மறுத்தாலும் அது திரும்பி வராது. போயே ஆக வேண்டும் என்றால் விசாவுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.